செந்தூல் அக்காவின் பொட்டலச் சாப்பாடு: தெருவுக்கு எடுக்கலாம், வீட்டு விருந்துக்கு யோசியுங்கள்

கோலாலம்பூரில் செந்தூல் பாசாருக்குப் (சந்தைக்குப்) பக்கத்து அடுக்குமாடியில் வீட்டிலிருந்தே சமைத்துக் கொடுக்கும் ஓர் அக்கா இருக்கிறார். பெயர்ப்பலகை கிடையாது, விளம்பரமும் கிடையாது. கீழே இருக்கும் ஒட்டுக்கடையில் "சமையல் அக்கா வீடு" என்று கேட்டால் வழி காட்டுவார்கள். என் மாமனாரின் முதலாண்டுத் திவசத்துக்கு அவரிடம் நூறு பொட்டலம் எடுத்தோம், வீட்டு இலைச் சாப்பாட்டையும் அவரிடமே சொன்னோம். இரண்டையும் ஒரே கைதான் சமைத்ததா என்று எங்களுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

முதலில் பொட்டலம். வீடில்லாமல் தெருவில் படுப்பவர்களுக்கு என்று சொன்னதும் விலையைப் பேசாமல் கேள்வியாகக் கேட்டார். "எத்தனை மணிக்குக் குடுக்கப் போறீங்க? வயசானவங்க நெறய பேரா? அப்படின்னா சோத்தக் கொஞ்சம் கொழைய வடிக்கிறேன்மா, பாதிப் பேருக்குப் பல்லு இருக்காது." அந்த இடத்திலேயே நான் முன்பணம் கொடுத்துவிட்டேன். மாமா உயிரோடு இருந்திருந்தால் இதே விஷயங்களை அவர்தான் சமையல்காரரிடம் சொல்லிக் கொண்டிருப்பார்.

மாமா மலேசிய ராணுவத்தின் ரேஞ்சர் படையில் 21 ஆண்டு இருந்து சார்ஜனாக ஓய்வு பெற்றவர். மலாயாக் கம்யூனிஸ்டுகளோடு 1989 டிசம்பரில் தாய்லாந்தின் ஹாட்யாயில் சமாதானம் கையெழுத்தாவதற்கு முந்தைய காலம். கிரிக் பக்கத்து எல்லைக் காடுகளில் வாரக் கணக்கில் கிடந்திருக்கிறார். மழையில் ஊறிப்போன சோற்றைத் தின்ற கதையைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார், ஆனால் குழம்பை மட்டும் சோற்றின் மேல் ஊற்றிக் கட்ட விடவே மாட்டார். சோறு தனி, குழம்பு தனி, கரண்டி கட்டாயம். ஐந்தடியில், அதாவது கடைவரிசை முன் நடைபாதையில், உட்கார்ந்திருப்பவர் கை கழுவத் தண்ணீருக்கு எங்கே போவார் என்பார்.

அத்தை இருந்தவரை இருவரும் தெருவில் படுப்பவர்களுக்காக வீட்டிலேயே சமைத்து, சனிக்கிழமை இரவு கடைகள் மூடிய பிறகு துவாங்கு அப்துல் ரஹ்மான் சாலைக்கும் சௌகிட்டுக்கும் கொண்டு போவார்கள். அத்தை போன பிறகு கடையில் வாங்கிக் கொண்டுபோனார். 2014இல் லாட் 10 பேரங்காடியைச் சுற்றி 2 கிலோமீட்டருக்குள் இலவச உணவு கொடுக்கக் கூடாது என்று அமைச்சர் அறிவித்தபோது வீட்டில் அவர் கத்தியதை அக்கம்பக்கமே கேட்டது. எனக்குத் தெரிந்து அவர் குரல் உயர்ந்தது அப்போது மட்டும்தான். பேரப்பிள்ளைகளின் பள்ளிச் சட்டைக்கு இஸ்திரி போடுவதும் சப்பாத்தைத் துடைத்து வைப்பதும் கடைசிவரை அவர் வேலை. எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். என் கணவருக்கு அந்தப் பொறுமை இல்லை.

சௌகிட்டில் பொட்டலம் வாங்கிய ஒருவர் முன்னாள் சிப்பாய் என்று தெரிந்ததும் மாமா அங்கேயே உட்கார்ந்துவிட்டார். 21 ஆண்டு நிறையும் முன்பே விலகியதால் அவருக்கு ஓய்வூதியம் இல்லை. முன்னாள் படைவீரர் விவகாரத் துறையின் உதவித்தொகைக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்து, அந்த மனிதரைக் காரில் ஏற்றிக்கொண்டு அலைந்தார். இது நடந்ததே எங்களுக்கு வெகுநாள் கழித்து, அந்த மனிதர் சாவு வீட்டுக்கு வந்து சொன்னபோதுதான் தெரியும்.

அதனால்தான் பொட்டல விஷயத்தில் நான் இவ்வளவு கறார். கருமக்கிரியை அன்று வேறொரு சமையல்காரரிடம் எடுத்திருந்தோம், பெயர் வேண்டாம். இரவு பத்து மணிக்குத் திறந்தால் சாம்பார் சாதம் புளித்து வாடை. போனில் கேட்டதற்கு, "தெருவுல இருக்கறவங்களுக்குத்தானே" என்றார். அத்தனையையும் கொட்டிவிட்டு, மாமாக் (இந்திய முஸ்லிம்) உணவுக் கடைக்கு ஓடி ரொட்டி சானாய் கட்டிக்கொண்டு போனோம்.

செந்தூல் அக்காவின் பொட்டலம் எட்டு வெள்ளி (ரிங்கிட்). தக்காளிச் சோறு, முட்டைக்கோஸ் பிரட்டல், தாவ்பூ (சோயாக் கட்டி) சம்பல், சின்னப் பையில் பருப்பு. திவசம் என்பதால் சைவம் கேட்டோம். அதில் இன்னொரு சௌகரியம், மலாய்க்காரர், சீனர், நம்மவர் யாரும் தயங்காமல் வாங்குவார்கள். காக்கித் தாளின் மேல் மலாயில் 'சாயூர் சஹாஜா' (காய்கறி மட்டும்) என்று மார்க்கரால் அவரே எழுதி வைத்திருந்தார், நாங்கள் சொல்லவில்லை. காரம் குறைவான பொட்டலங்களுக்குப் பச்சை ரப்பர், மற்றதற்குச் சிவப்பு. மஸ்ஜிட் ஜாமெக் பக்கம் ஒரு பாட்டி பச்சை ரப்பர் பொட்டலத்தைப் பிரித்து, எங்கள் முன்னாலேயே பாதி சாப்பிட்டுவிட்டு மீதியை மடித்து வைத்துக்கொண்டார். பதினொரு மணிக்குக் கடைசிப் பொட்டலத்தை என் கணவர் பிரித்துப் பார்த்தார், அப்போதும் சோறு உதிரவுமில்லை, நொசநொசக்கவுமில்லை.

சரி, வீட்டு இலைச் சாப்பாடு. அது சுமார்தான். வடை வரும்போதே ஆறி இறுகிக் கிடந்தது. ரசத்தில் மிளகு எங்கே என்று நாத்தனார் தேடினார். பாயாசம் ஒரு கரண்டிக்கு மேல் யாராலும் குடிக்க முடியவில்லை, அவ்வளவு இனிப்பு. வேன் வேறு தாமதம். படையல் நேரம் தாண்டி ஐயர் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். நூறு பொட்டலத்தையும் விருந்தையும் ஒரே நாளில் ஏற்றுக்கொண்டது அந்தச் சின்ன அடுப்படிக்கு அதிகம் என்று நினைக்கிறேன். அவரே "எதையாவது ஒண்ண வேண்டாம்னு சொல்லியிருக்கணும்" என்று ஒப்புக்கொண்டு விருந்துக் கணக்கில் கொஞ்சம் கழித்தார்.

இனிமேல் பொட்டலத்துக்கு இவர், வீட்டுக்கு வேறு ஆள் என்று முடிவு செய்துவிட்டோம். ஜூலை 31 வீரர்கள் தினத்துக்கு அடுத்த வருடமும் கொடுக்க வேண்டும் என்று பெரியவன் இப்போதே சொல்லிவிட்டான், அதற்கும் இவரிடம்தான்.

எடுக்க நினைப்பவர்களுக்கு: ஐம்பது பொட்டலத்துக்குக் குறைந்து செய்ய மாட்டார். பாதிப் பணம் முன்கூட்டியே, அதுவும் ரொக்கம். வாட்ஸ்அப்பில் செய்தி போட்டால் பதில் வராது, மதியம் மூன்று மணிக்கு மேல் போன் பண்ணுங்கள். மேடான் துவாங்குவில் இலவச உணவு கொடுக்க மாநகராட்சி ஒதுக்கியிருக்கும் இடத்துக்குக் கொண்டுபோவதாக இருந்தால் நேரத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள், அவர் மகன் வேனில் அங்கேயே இறக்கிக் கொடுப்பான். தீபாவளிக்கு முந்தைய வாரம் ஆர்டர் எடுப்பதில்லை. அப்புறம், பாயாசம் மட்டும் கேட்காதீர்கள்.