சென்னை–ராமேஸ்வரம் சைக்கிள் பயணம்: பணம் கட்டும் முன் கடைசி ஆளைப் பற்றிக் கேளுங்கள்

கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் சென்னையிலிருந்து ராமேஸ்வரம் வரை நான்கு நாள் சைக்கிள் பயணம், எல்லா உதவிகளும் உண்டு என்று ஒரு தனியார் ஏற்பாட்டாளர் அடுத்த சுற்றுக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருக்கிறார். கடந்த மார்ச்சில் இதே பயணத்துக்கு 14,500 ரூபாய் கட்டிவிட்டுப் போனவன் நான். நுகர்வோர் புகார் நிலுவையில் இருப்பதால் அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. என்ன நடந்தது என்பதை மட்டும் எழுதுகிறேன். வேறு எந்த ஏற்பாட்டாளரிடம் பணம் கட்டப்போகிறவருக்கும் இது பயன்படும்.

விளம்பரத்தில் இருந்தவை இவை: 25 கிலோமீட்டருக்கு ஒருமுறை தண்ணீர், பழம், உப்புச் சர்க்கரைக் கரைசல். உதவிக்கு இரண்டு வண்டிகள். கூடவே ஒரு மெக்கானிக். முதலுதவி தெரிந்த ஆள். பங்கேற்பவர் அனைவருக்கும் விபத்துக் காப்பீடு. இருவருக்கு ஓர் அறை, மூன்று வேளைச் சாப்பாடு, ஜெர்சி, மெடல். இவற்றில் கடைசி நான்கும் சொன்னபடி கிடைத்தன. அறைகள் சுத்தமாக இருந்தன. சாப்பாட்டிலும் குறை இல்லை. அதனால்தான் பயணத்திலிருந்து திரும்பியவர்களில் பாதிப் பேர் "நன்றாகத்தான் இருந்தது" என்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் வேகமாக மிதிப்பவர்கள், முன்னால் போனவர்கள். உதவி எதுவும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

முதல் நாள், திருவான்மியூரிலிருந்து புதுச்சேரி வரை, யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அந்தச் சாலையில் இளநீர்க் கடைக்கும் டீக்கடைக்கும் பஞ்சமில்லை. சைக்கிள் கடை வேண்டுமென்றால் மாமல்லபுரத்தில் கேட்கலாம், மரக்காணத்தில் கேட்கலாம். ஏற்பாட்டாளரே இல்லாமல் வாரந்தோறும் நூற்றுக்கணக்கானோர் சைக்கிள் ஓட்டும் சாலை அது.

இரண்டாம் நாள் ஆக்கூரைத் தாண்டியதும் என்னுடைய பின்சக்கரம் பஞ்சர். கையிலிருந்த மாற்று டியூபைச் சிதம்பரத்துக்கு முன்பே ஒருவருக்குக் கொடுத்திருந்தேன், மெக்கானிக் வண்டியில் வேறு இருக்கும் என்ற நம்பிக்கையில். வண்டி வந்தது. பெட்டியைத் திறந்தால் உள்ளே இருந்தவை அனைத்தும் 26 அங்குல மலைச் சைக்கிளின் தடித்த டியூப்கள். எங்களில் பெரும்பாலோர் ஓட்டியது 700 அளவு மெல்லிய டயர். சரி, பழைய டியூபையே ஒட்டிவிடலாம் என்று ஒட்டினோம். காற்றடிக்க எடுத்த பம்பின் வாய் கார், பைக் வால்வுக்கு உரியது. சாலைப் பந்தய சைக்கிள்களில் இருப்பது பிரெஸ்டா வால்வு. பென்சில் முனைபோல மெலிந்திருக்கும், நுனியில் சிறு திருகு ஒன்று இருக்கும். மெக்கானிக் பையன் பம்பின் வாயை அதன்மேல் வைத்து அழுத்தினான். திருகு வளைந்தது. இரண்டாம் முறை அழுத்தியபோது நுனி முறிந்து, ஒட்டிய டியூபும் போயிற்று. இரண்டு வால்வுக்கும் நடுவில் போடும் பித்தளை அடாப்டர் நூறு ரூபாய்கூட ஆகாது. ஒரே ஓர் அடாப்டர் அந்தப் பெட்டியில் இருந்திருந்தால் போதும்.

அந்தத் தம்பியை நான் குறை சொல்ல மாட்டேன். விசாரித்தால், அவன் ஒரு டூவீலர் பட்டறையில் வேலை செய்பவன். நான்கு நாள் கூலிக்கு அழைத்து வந்திருக்கிறார்கள். "அண்ணா, இந்த மாதிரி வால்வை நான் பார்த்ததே இல்லை, மன்னித்துக்கொள்ளுங்கள்" என்று அவன்தான் வருத்தப்பட்டான். அவனை அப்படி நடுரோட்டில் நிறுத்தியது ஏற்பாட்டாளரின் குற்றம். அன்று வேளாங்கண்ணி வரை மீதித் தூரத்தை வண்டியில் உட்கார்ந்து கடந்தேன்.

மூன்றாம் நாள் நடந்ததற்காகத்தான் இந்தப் பதிவையே எழுதுகிறேன்.

வேளாங்கண்ணியிலிருந்து திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம், மணமேல்குடி, மீமிசல் வழியாகத் தொண்டி. 150 கிலோமீட்டருக்கு மேல். இந்தத் தடத்தில் ஊருக்கும் ஊருக்கும் நடுவே உப்பளம், தென்னந்தோப்பு, கருவேலங்காடு. நிழலும் குறைவு, கடையும் குறைவு. மார்ச் மாதத்தில் மதியம் தாண்டினால் கடற்காற்று தென்கிழக்கிலிருந்து எழும். தெற்கு நோக்கிப் போகிறவருக்கு அது எதிர்க்காற்று. காலையில் மணிக்கு 22 கிலோமீட்டர் போனவர் பிற்பகலில் 14 போக முக்கவேண்டும். இந்தக் கடற்கரையில் ஒருமுறை ஓட்டியவருக்கும் தெரிந்த விஷயம் இது. ஆனால் எங்களுக்குக் கொடுத்த நேர அட்டவணை காலை முதல் மாலை வரை ஒரே வேகத்தைக் கணக்கிட்டுப் போடப்பட்டிருந்தது. மாலை நான்கு மணிக்குள் எல்லோரும் தொண்டியில் இருப்பார்கள் என்று அது சொன்னது. அதை நம்பி இரண்டு வண்டிகளில் ஒன்று, பைகளை ஏற்றிக்கொண்டு, அறைச் சாவிகளை வாங்க மதியத்துக்கு முன்பே தொண்டிக்குப் போய்விட்டது. இன்னொன்று முன்னால் போகும் குழுவுடன் போனது, ஏனென்றால் புகைப்படக்காரர் அதில் இருந்தார்.

பின்னால் வந்தவர்களுக்கு மிஞ்சியது அதிராம்பட்டினத்தில் ஒரு கடை வாசலில் இறக்கிவைத்த 20 லிட்டர் தண்ணீர் கேன். உப்பு இல்லை, கரைசல் இல்லை, பழமும் தீர்ந்திருந்தது. வெயிலில் மணிக்கணக்கில் வியர்த்தவர் வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் உடலில் சோடியம் குறையும். தசை பிடிக்கும், தலை சுற்றும், அளவு மிஞ்சினால் உயிருக்கே ஆபத்து. நெடுந்தூரப் பயணம் நடத்துகிறவருக்கு இது முதல் பாடம். பொட்டலம் ஒன்றுக்குச் சில ரூபாய் விலையுள்ள கரைசல் பொடியை நாற்பது பேருக்கு வாங்கி வைப்பது பெரிய செலவே அல்ல.

எங்களுடன் வந்தவர்களில் பணி ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் இருந்தார். நிதானமாக ஓட்டுவார், யாருக்கும் தொந்தரவு தரமாட்டார். மல்லிப்பட்டினம் தாண்டியபின் அவருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. இறங்கி நின்றவர் தள்ளாடினார். கேட்ட கேள்விக்குப் பதில் சம்பந்தமில்லாமல் வந்தது. நானும் இன்னொருவரும் அவரைச் சாலையோரத்துப் பூவரச மரத்தடியில் படுக்கவைத்துவிட்டு ஏற்பாட்டாளரை அழைத்தோம். நான்காவது அழைப்பில் எடுத்தார். தாங்கள் தொண்டியில் இருப்பதாகவும், வண்டி திரும்பி வர இரண்டு மணி நேரம் ஆகும் என்றும், சற்று ஓய்வெடுத்துவிட்டு பஸ்ஸில் வந்துவிடும்படியும் சொன்னார். முதலுதவி ஆள் எங்கே என்று கேட்டேன். அந்த ஆளும் தொண்டியில்.

எதிரே இருந்த ஓட்டு வீட்டிலிருந்து ஓர் அம்மா ஓடிவந்தார். ஈரத்துணியால் பெரியவரின் கழுத்தையும் அக்குளையும் துடைத்தார், முந்தானையால் விசிறினார். அவருக்கு நினைவு தெளிந்தபிறகு நீராகாரத்தில் உப்பைப் போட்டுக் கொண்டுவந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கவைத்தார். 108 ஆம்புலன்ஸ் வந்து அரசு மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றது. இரவு முழுவதும் குளுக்கோஸ் ஏற்றினார்கள். மறுநாள் மகன் வந்து அழைத்துப்போனார். இப்போது நன்றாக இருக்கிறார். 14,500 ரூபாய் வாங்கியவர் செய்யவேண்டியதை, பேர்கூடக் கேட்காத ஓர் அம்மா செய்தார். அவருக்கு என் நன்றியை இங்கே பதிவுசெய்கிறேன்.

மருத்துவமனையில் இருந்தபோதே ஏற்பாட்டாளரிடம் காப்பீட்டு பாலிசி எண்ணைக் கேட்டோம். நாளை அனுப்புகிறேன் என்றார். ராமேஸ்வரத்தில் கேட்டபோது அலுவலகத்தில் இருக்கிறது என்றார். சென்னை திரும்பி மின்னஞ்சலில் கேட்டபிறகு, நாங்கள் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தின் படத்தை அனுப்பினார். எந்தக் காயத்துக்கும் நிறுவனம் பொறுப்பல்ல என்று அதில் இருக்கிறதாம். காப்பீடு எடுக்கவே இல்லை என்பது அப்போதுதான் உறுதியானது.

நான்காம் நாள் பாம்பன். 1988இல் திறக்கப்பட்ட அந்தச் சாலைப் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் நீளம். பக்கவாட்டில் அடிக்கும் கடற்காற்று சைக்கிளை அப்படியே நகர்த்தும். ஒரு பக்கம் கைப்பிடிச் சுவர், மறுபக்கம் சுற்றுலாப் பஸ்கள். அங்கேதான் பின்னால் ஒரு வண்டி விளக்கைப் போட்டுக்கொண்டு மெதுவாக வந்து எங்களைக் காக்கவேண்டும். அன்று ஒரு வண்டி பாலத்தின் மறுமுனையில் படமெடுக்க நின்றிருந்தது, மற்றது ராமேஸ்வரம் போய்விட்டது. கோயில் வாசலில் எல்லோருக்கும் மெடல் மாட்டினார்கள். இரண்டாம் நாள் வண்டியில் போன எனக்கும் "முழுமையாக முடித்தவர்" என்ற சான்றிதழ் தந்தார்கள். அதை நான் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இத்தகைய பயணங்களே வீண் என்று நான் சொல்லவரவில்லை. நெடுந்தூரம் ஓட்டும் ஆசை எனக்கு இன்னும் அப்படியே இருக்கிறது. எதற்குப் பணம் கட்டுகிறோம் என்பதில்தான் தெளிவு வேண்டும். குறித்த நேரத்துக்குள் நெடுந்தூரத்தைத் தனித்துச் சமாளித்து ஓட்டி முடிக்கும் பிரெவே என்ற முறையை எடுத்துக்கொள்ளுங்கள். பாரிஸில் உள்ள ஒரு சைக்கிள் அமைப்பின் விதிகளின்படி இந்தியாவில் ஆடாக்ஸ் இந்தியா என்ற அமைப்பு அதை நடத்துகிறது. 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம், 300க்கு 20, 400க்கு 27, 600க்கு 40. ஒவ்வொரு கட்டுப்பாட்டு இடத்திலும் நேரத்துக்குள் வந்துசேர்ந்ததற்குச் சான்று வேண்டும். வழியில் உதவி கிடையாது, உன் பஞ்சரை நீயே ஒட்டிக்கொள் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள். கட்டணமும் அதற்கேற்பக் குறைவு. அதை நம்பிப் போகிறவர் இரண்டு டியூபும் பம்பும் கரைசல் பொடியும் எடுத்துக்கொண்டுதான் கிளம்புவார். எங்கள் பெரியவருக்கு அந்த முன்னெச்சரிக்கை இல்லாமல் போனதற்கு ஒரே காரணம், எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று ஒருவர் எழுதிக்கொடுத்திருந்ததுதான். செய்யாத உதவியைச் செய்வதாகச் சொல்வது, உதவியே இல்லை என்று சொல்வதைவிடப் பலமடங்கு ஆபத்து.

செலவையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான்கு நண்பர்கள் சேர்ந்து ஓட்டுநருடன் ஒரு வாடகைக் கார் எடுத்து, நடுத்தர லாட்ஜில் தங்கி, வழியில் கிடைக்கும் ஓட்டலில் சாப்பிட்டால் தலைக்கு 11,000 ரூபாய்க்குள் முடிந்துவிடும். கார் முழுநேரமும் உங்கள் பின்னால் இருக்கும். ஆகவே ஏற்பாட்டாளருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் ஒன்றுக்குத்தான் ஈடாக முடியும்: நமக்குத் தெரியாத வேலையைத் தெரிந்தவர்கள் வந்து செய்வது. மெக்கானிக்கும் முதலுதவி ஆளும் அதற்கு உரியவர்களாக இல்லாவிட்டால் அந்தப் பயணத்துக்கு மதிப்பே இல்லை, மெடல் எவ்வளவு கனமாக இருந்தாலும்.

எனவே பணம் கட்டும் முன் ஏற்பாட்டாளரிடம் எழுத்தில் கேளுங்கள்: கடைசியாக ஓட்டுபவருக்குப் பின்னால் எந்த வண்டி வரும், அதன் ஓட்டுநர் யார், எத்தனை மணி வரை வருவார்? பை ஏற்றும் வண்டியும் உதவி வண்டியும் வெவ்வேறா? (இரண்டும் ஒன்றே என்றால் மேற்கொண்டு கேட்கவே வேண்டாம், விட்டுவிடுங்கள்.) பிற்பகல் வேகத்தை என்ன கணக்கில் வைத்திருக்கிறீர்கள்? மெக்கானிக் இதற்கு முன் கியர் சைக்கிள் வேலை பார்த்திருக்கிறாரா? காப்பீட்டு நிறுவனம் எது, பாலிசி எண் என்ன? நேரத்துக்குள் வராதவரை என்ன செய்வீர்கள்? பதில் சொல்லத் தெரிந்தவர் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். "சார், கவலைப்படாதீர்கள், குடும்பம் மாதிரிப் பார்த்துக்கொள்வோம்" என்பதுதான் எனக்குக் கிடைத்த பதில். முந்தைய சுற்றில் போனவர்களிடமும் விசாரியுங்கள். விளம்பரப் படத்தில் முன்னால் நிற்பவர்களிடம் கேட்டால் உண்மை தெரியாது. தினமும் கடைசியாக வந்து சேர்ந்தவர் யார் என்று கண்டுபிடித்து அவரிடம் கேளுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கு: 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாக்களித்த சேவையைத் தராதது சேவைக் குறைபாடு. பொறுப்பல்ல என்று ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கியதாலேயே அதிலிருந்து தப்பித்துவிட முடியாது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை. விளம்பரத்தின் படம், பணம் அனுப்பிய ரசீது, வாட்ஸ்அப் உரையாடல் மூன்றையும் அழிக்காமல் வைத்திருங்கள். எங்கள் விளம்பரப் பக்கத்தில் "காப்பீடு" என்ற சொல் இப்போது நீக்கப்பட்டிருக்கிறது. முதல் நாளே எடுத்துவைத்த படம்தான் எங்களுக்குக் கைகொடுக்கிறது.

புகாருக்குப் பிறகு ஏற்பாட்டாளர் எங்களுக்குத் தர முன்வந்தது அடுத்த பயணத்தில் 2,000 ரூபாய் தள்ளுபடி. மறுத்துவிட்டோம். பெரியவரின் மருத்துவச் செலவும், காப்பீட்டுக்கு என்று வாங்கிய தொகையும், நடக்காத உதவிக்கான பங்கும் திரும்ப வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். மார்ச் பயணத்தில் வந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் ரசீதையும் எங்கள் புகாருடன் சேர்க்கலாம். சம்பவம் நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு. அடுத்த சுற்றுக்கு முன்பணம் கட்டிவிட்டவர்கள் இன்றே பாலிசி எண்ணைக் கேட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். வரவில்லை என்றால், அவர் அறைகளுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே உங்கள் தொகையைத் திரும்பக் கேட்டுவிடுங்கள்.