குதிரையை விற்பதற்கு முன் ரெடி பண்ணித் தரும் சேவை: 15 நாள் அனுபவம்

கோபிசெட்டிபாளையம் பக்கம் தோட்டத்தில் வைத்திருந்த மார்வாரி இனப் பெட்டைக் குதிரையைப் போன ஆடிக்கு முன்னால் விற்க வேண்டியதாகிவிட்டது. அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்கே ஓட்டிப்போகலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் மேளச் சத்தத்திலும் கூட்டத்திலும் அது ஒரு நிமிஷம் நிற்காது, மூன்று வருஷமாக அதோடு மல்லுக்கட்டுகிற எனக்குத் தெரியும். சரி, வாங்குபவர்கள் வீட்டுக்கே வந்து பார்க்கட்டும் என்று, குதிரையை விற்பனைக்குத் தயார் செய்து தருபவர் ஒருவரைப் பிடித்தேன். 15 நாளுக்கு 9,000 ரூபாய், தீவனமும் லாடமும் நம் செலவு. அவர் பேரைப் போடவில்லை, ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். வந்த அன்றைக்கு மனுஷன் காலைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. வளர்ந்து கிடந்த குளம்பைச் சீவி, மறுநாளே லாடம் அடிக்க ஏற்பாடு செய்தார். "பார்க்க வர்றதுக்கு முதல் நாள் லாடம் அடிச்சு, ஒரு ஆணி உள்ளே நெருக்கினாலும் குதிரை நொண்டும், வந்தவங்க அப்படியே வண்டியைத் திருப்பிருவாங்க" என்றார். நானாக இருந்தால் பளபளவென்று இருக்கட்டும் என்று கடைசி நாளில்தான் அடித்திருப்பேன்.

தினமும் காலையில் ரப்பர் சீப்பால் வட்டம் வட்டமாகத் தேய்ப்பார், இளவெயிலில் தூசி புகை மாதிரி எழும்பும், பழைய ரோமம் கொத்துக் கொத்தாக உதிரும். ஷாம்பு 15 நாளில் இரண்டே தடவை, அடிக்கடி போட்டால் தோலில் இருக்கும் எண்ணெய்ப் பசை போய்விடுமாம். வாலுக்குச் சீப்பே கிடையாது, உட்கார்ந்து விரலால் ஒவ்வொரு இழையாகப் பிரித்தார். பத்தாம் நாள் விலாவில் நான் அதுவரை பார்க்காத ஒரு மினுமினுப்பு.

அதைவிடப் பெரிய வேலை, நிற்கப் பழக்கியது. இங்கே குதிரை பார்க்க வருபவர் முதலில் வாயைத்தான் திறப்பார். ஐந்து வயதில் பால்பல் எல்லாம் விழுந்து வாய் நிறைந்துவிடும், அப்புறம் கீழ்வரிசை முன்பற்களில் இருக்கும் குழி நடுவிலிருந்து ஓரத்துக்கு வருஷத்துக்கு ஒரு ஜோடியாகத் தேயும். நடு ஜோடியும் அடுத்த ஜோடியும் தேய்ந்து, ஓர ஜோடியில் மட்டும் குழி இருந்தால் ஏழு வயசு பக்கம். எங்களுடையது அப்படித்தான் இருந்தது. ஆனால் வாயில் விரல் வைக்க விட்டால்தானே! முதல் நாள் தலையை வீசி அவர் தலைப்பாகையைத் தட்டிவிட்டது. பன்னிரண்டாம் நாள் கடைவாயில் கட்டைவிரலை வைத்ததும் கொட்டாவி விடுகிற மாதிரி திறந்தது.

இனி எரிச்சல். விலா எலும்பு தெரியக்கூடாது என்று, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கொள்ளுப் பயறை ஒரு கிலோவிலிருந்து மூன்று கிலோவாக ஏற்றிவிட்டார். ஒன்பதாம் நாள் ராத்திரி குதிரை வயிற்றுவலியில் படுத்துப் புரண்டது. குதிரைக்கு வாந்தி எடுக்க வராது, தானியத்தைத் திடீரென்று கூட்டினால் உயிருக்கே ஆபத்து. டாக்டர் வந்து போன செலவு 1,800. இவர் என்னடாவென்றால், "நான் பாக்காத குதிரையாங்க" என்கிறார்.

அதோடு விட்டாரா? முன்னங்கால் குளம்பில் சின்ன வெடிப்பு ஒன்று உண்டு, அதன்மேல் கருப்பு பாலிஷ் பூசிவிட்டார். முதல் பார்ட்டி வந்த அன்று, சாதுவாக நிற்கட்டும் என்று அவர்கள் வருவதற்கு முன்பே அரை மணி நேரம் கயிற்றில் கட்டி வட்டமாக ஓட்டிக் களைக்க வைத்திருக்கிறார், எனக்கே தெரியாது. தாராபுரத்திலிருந்து வந்த பெரியவர் மார்பில் கை வைத்தார். "ஏனுங்க, நிக்கிற குதிரைக்கு ஏன் இப்படி வேர்த்திருக்குது?" அப்புறம் குனிந்து குளம்பைத் தேய்த்து, கருப்பான கட்டைவிரலை என் முகத்துக்கு நேரே காட்டினார். டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள், எனக்கு மானம் போயிற்று.

அடுத்த பார்ட்டிக்கு நானே நின்றேன். குளம்பைக் கழுவி வெடிப்பைக் காட்டினேன், கொட்டகையில் இருந்தபடியே பார்க்கச் சொல்லி, அவர்கள் கண்முன் சேணம் கட்டி, தார் ரோட்டில் நேராக ஓட்டி, இரண்டு பக்கமும் சின்ன வட்டம் சுற்றிக் காட்டினேன். கிளாண்டர்ஸ் என்ற குதிரைத் தொற்றுநோய்க்கான ரத்தப் பரிசோதனை அறிக்கையும் கையில் இருந்தது, அது டாக்டர் சொல்லி எடுத்தது, நம்மாள் வாயே திறக்கவில்லை. வந்தவரின் அப்பா டார்ச் அடித்துக் கால்மணி நேரம் ராசிக்காக ரோமச் சுழி பார்த்தார். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, ஆனால் பணம் கொடுப்பவர் அவர்! 1,60,000 சொன்னேன், வெடிப்புக்கு 10,000 குறைத்து முடித்துக்கொண்டார்கள்.

ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். தேய்ப்பு, கால், வாய் பழக்கம் எல்லாவற்றுக்கும் அவரைத் தாராளமாகக் கூப்பிடலாம், அடுத்த முறை நானும் கூப்பிடுவேன். தீவன அறைச் சாவியை மட்டும் கொடுக்க மாட்டேன். பார்ட்டி வரும் நாளுக்கு முதல் நாளே கணக்கு முடித்து அனுப்பிவிடுவேன்.