நான்கு ஆண்டுகளில் ஆறு பவுண்டு: பினாங்கில் ஒரு மரவில்லின் வரவு செலவு

நானே செதுக்கிய மறுவளைவு வில் ஒன்றை நான்கு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். செய்து முடித்த நாளில் நாணை 28 அங்குலம் இழுத்தபோது அதன் விசை 45 பவுண்டு இருந்தது. சென்ற மாதம் அதே தூரத்திற்கு இழுத்துப் பார்த்தபோது 39 பவுண்டுதான் இருந்தது. பயணப்பை நிறுக்கும் தொங்கு தராசில் பார்த்த கணக்கு இது. கிலோவில் சொன்னால் 20.4 ஆக இருந்தது 17.7 ஆகியிருக்கிறது. முப்பது மீட்டர் தூரத்தில் அதே அம்பு இப்போது ஏறக்குறைய ஒரு சாண் தாழ்ந்து தைக்கிறது. காணாமற்போன அந்த ஆறு பவுண்டுக்குக் கணக்கு எழுதுவதே இந்தப் பகிர்வு.

வில்லின் நீளம் 66 அங்குலம். எய்பவரைப் பார்க்கும் பக்கத்தை வயிறு என்றும், இலக்கைப் பார்க்கும் பக்கத்தை முதுகு என்றும் சொல்வது வழக்கம். வில்லை இழுக்கும்போது முதுகு விரியும், வயிறு நசுங்கும். ஆகவே இழுவிசையைத் தாங்கும் பெத்தோங் மூங்கிலை மூன்று மில்லிமீட்டர் கனத்திற்குச் சீவி முதுகில் ஒட்டினேன், வயிற்றுக்கு மெர்பாவ் என்ற கடின மரம். ஆயர் ஈத்தாமில் இடிக்கப்பட்ட பழைய வீடொன்றின் கதவுச் சட்டம் அது, நன்றாக வைரம் பாய்ந்த மரம். மெர்பாவைத் தொட்டுப் பழகாதவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: ஈரம் பட்டால் அது பழுப்புச் சாயம் விடும். வெள்ளைச் சட்டையோடு வேலைக்கு உட்கார்ந்து நான் வாங்கிக் கட்டிக்கொண்ட வசவு இன்னும் நினைவிருக்கிறது.

மறுவளைவு வில்லில், நாணைக் கழற்றினால் இரு நுனிகளும் எய்பவரை விட்டு முன்னோக்கி மடிந்து நிற்கும். நாண் பூட்டியபின் அந்த மடிப்பின் மேல் நாண் படிந்திருக்கும். இழுக்க இழுக்க அதிலிருந்து விலகி எழும். இதனால் இழுப்பின் தொடக்கத்திலேயே விசை கூடுதலாகச் சேர்கிறது, கடைசி அங்குலங்களில் கை திணறுவதும் குறைகிறது. நன்மை இப்படியிருக்க, மடிப்பை உண்டாக்குவதுதான் பெரும்பாடு. முதல் முயற்சியில் நுனியை நீராவியில் வேகவைத்து வளைத்தேன். ஆண்டுக்கணக்கில் காய்ந்து இறுகிப்போயிருந்த அந்த மரம் வளைய மறுத்துச் சிலும்பியது. ஒரு சட்டம் வீணாயிற்று. இரண்டாம் முறை நுனியிலிருந்து இருபது சென்டிமீட்டர் நீளத்திற்கு வாளால் அறுத்து மெல்லிய ஏடுகளாகப் பிரித்து, இடையிடையே பசை தடவி, மர அச்சில் கிளாம்ப் வைத்து இறுக்கினேன். மறுநாள் அச்சைவிட்டு எடுத்தபோது மடிப்பு அப்படியே நின்றது.

இந்த வேலையில் பொறுமையை உண்மையாகச் சோதிப்பது வில்லின் இரு கைகளையும், அதாவது பிடிக்கு மேலும் கீழும் உள்ள பாதிகளை, சமமாக வளையச் செய்யும் கட்டம். வில்லைச் சுவரில் மாட்டி, நாணைக் கப்பி வழியாகக் கீழே இழுத்துக்கொண்டு, எட்ட நின்று வளைவைப் பார்க்க வேண்டும். எங்கே விறைப்பாக நிற்கிறதோ அங்கே வயிற்றுப் பக்கம் மட்டும் சுரண்ட வேண்டும்; முதுகு மூங்கிலின் தோலில் அரம் படவே கூடாது. அகலத்தைப் பாதியாக்கினால் விறைப்பும் பாதியாகும், ஆனால் கனத்தைப் பாதியாக்கினால் எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். அதனால் கனத்தில் ஒரு மில்லிமீட்டர் தவறினாலும் அந்த இடம் கீல்போல மடியத் தொடங்கி, அங்கேயே முறிவு காத்திருக்கும். ஒவ்வொரு சுரண்டலுக்குப் பிறகும் இருபது முப்பது முறை பாதித்தூரம் இழுத்துவிட்டால்தான் மரம் தன் புது வடிவத்தைக் காட்டும். நான் இதற்கு மட்டும் பதினொரு மாலைகள் செலவழித்தேன். மின்சாரத் தேய்ப்பானை இரண்டு நாளில் மூலையில் வைத்துவிட்டேன்; ஜன்னல் கண்ணாடியின் உடைந்த துண்டு அதைவிட நல்ல சுரண்டி.

இனிக் கணக்குக்கு வருகிறேன். முதல் இரண்டு பவுண்டு முதல் சில நூறு அம்புகளிலேயே போயிற்று. புது மரவில் எல்லாமே எய்து பழகும்போது சற்று இளகும் என்பதால், இதை எதிர்பார்த்தே 45 பவுண்டில் நிறுத்தியிருந்தேன். இது நட்டம் ஆகாது.

அடுத்த இரண்டரை பவுண்டு பினாங்கின் காற்றுக்குப் போயிற்று. வில்லுக்கு ஏற்ற மரத்தில் எட்டு முதல் பத்து விழுக்காடு ஈரம் இருந்தால் போதும். இங்கோ காற்றின் ஈரப்பதம் எண்பது விழுக்காட்டை ஒட்டி நிற்கிறது. அத்தகைய காற்றில் திறந்து கிடக்கும் மரம் பதினைந்து, பதினாறு விழுக்காடு வரை ஈரத்தை வாங்கிக்கொள்ளும். ஈரம் ஏறிய மரம் எளிதில் முறிவதில்லை, ஆனால் சோர்ந்துவிடும்: வயிற்றுப் பக்கத்து நார்கள் நசுங்கி, நாணைக் கழற்றிய பிறகும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. புதிதில் பிடியைவிட ஐந்து சென்டிமீட்டர் முன்னே நின்ற நுனிகள், முதலாம் ஆண்டு அக்டோபர் மழை முடிந்தபோது மூன்று சென்டிமீட்டர்தான் முன்னே நின்றன. குளிர்நாட்டு வில்லாளர்கள் மரம் அளவுக்கு மீறிக் காய்ந்து முறிவதைப் பற்றிச் சொல்லும் எச்சரிக்கைகளையெல்லாம் படித்துவிட்டு, வில்லை வேண்டுமென்றே காற்றோட்டமான பால்கனியில் மாட்டிவைத்தவன் நான். புக்கிட் மெர்தாஜாமில் எனக்குத் தெரிந்த தச்சர் ஒருவர் அதைக் கையில் வாங்கி நுனியைத் தட்டிப் பார்த்துவிட்டு, “தம்பி, வார்னிஷ் பூசினால் ஈரம் உள்ளே மெதுவாகத்தான் போகும், ஆனால் போகும். அதை அலமாரிக்குள் வை” என்றார். அன்று முதல் அது துணி அலமாரியில், ஈரம் உறிஞ்சும் டப்பாக்களின் துணையோடு, படுக்கைவாட்டில் கிடக்கிறது. அதன்பின் சோர்வு ஏறக்குறைய நின்றுவிட்டது.

கடைசி ஒன்றரை பவுண்டுக்கு நானே பொறுப்பு. இரண்டாம் ஆண்டில் நிபோங் திபாலில் உறவினர் ஒருவரின் தென்னந்தோப்பில் எய்துவிட்டுத் திரும்பும் வழியில், நாணைக் கழற்றாமலேயே வில்லைக் காரில் வைத்துப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போனேன். (நிபோங் என்ற பனை இனத்தின் பெயரைத்தான் அந்த ஊர் தாங்கி நிற்கிறது.) நண்பகல் வெயிலில் மூடிய காரினுள் வெப்பம் அறுபது பாகையை எட்டிவிடும். நான் பயன்படுத்தியிருந்த மஞ்சள் மரப்பசை தண்ணீருக்கு அஞ்சாதது என்று நம்பி வாங்கியது. வெப்பத்தில் அது இளகும் என்பதை யோசிக்கவில்லை. ஒரு மணி நேரத்தில் கீழ்க்கை நுனியின் ஏடுகள் நழுவி மடிப்பு ஒரு சென்டிமீட்டர் நிமிர்ந்துவிட்டது. நுனியைச் சுற்றி நூல் வரிந்து, மெல்லிய பசையை ஊறவிட்டு அதற்கு மேல் நழுவாமல் தடுத்தேன். ஆனால் கீழ்க்கை தளர்ந்துபோனதால், அதற்கு ஈடாக மேற்கையையும் சுரண்டித் தளர்த்த வேண்டியதாயிற்று. மடிப்பு ஏடுகளுக்கு எபாக்சி பசை பயன்படுத்தியிருந்தால் ஓரளவு தப்பியிருக்கலாம், நாணைக் கழற்றியிருந்தால் உறுதியாகத் தப்பியிருக்கும்.

மற்றவை பெரிதாகத் தொல்லை தரவில்லை. நாண் டாக்ரான் நூலில் முறுக்கியது. அதிகம் நீளாத நவீன நூல்கள் வேகம் தரும் என்றாலும், நாண் மாட்டும் மரக் குதையை அறுத்துவிடும் என்பதால் அவற்றைத் தொடவில்லை. அம்பின் எடை, வில்விசையின் ஒவ்வொரு பவுண்டுக்கும் பத்து கிரெயினுக்கு (சுமார் 0.65 கிராம்) குறையாமல் பார்த்துக்கொள்கிறேன். ஒருமுறை நண்பர் ஒருவர் அம்பு இல்லாமல் நாணை இழுத்து விட்டுவிட்டார். வில் தப்பியது, நட்பும் ஒருவாறு தப்பியது.

என்னிடம் தொழிற்சாலையில் செய்த கண்ணாடியிழை வில்லும் ஒன்று உண்டு. மழை, வெயில் எதையும் பொருட்படுத்தாத, அம்புகளை ஒரே இடத்தில் தைக்கும் நல்ல வில் அது. குறி பார்க்கப் பழக விரும்புவோர் அதையே வாங்கலாம். மரவில்லைச் செதுக்கி ஆறு மாதம் காத்திருப்பதில் அவர்களுக்கு ஆதாயம் இல்லை. ஆனால் வாரக்கடைசியில் என் கை எடுப்பது மரவில்லைத்தான். நாணை விட்டதும் கையில் அதிர்வு குறைவு, ஓசையும் தாழ்வு. 39 பவுண்டு என் தோளுக்கு 45-ஐ விடப் பொருந்துகிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது வில்லுக்கான மெர்பாவ் சட்டம் இப்போது நாற்பது வாட் குமிழ் எரியும் ஒரு பெட்டிக்குள் காய்கிறது. மழை குறைந்த தைப்பூச மாதத்தில் ஒட்டிவிட வேண்டும் என்பது திட்டம். நாள்தோறும் மாலையில் அதைச் சமையலறைத் தராசில் நிறுத்து, எடையைப் பெட்டியின் மூடியிலேயே பென்சிலால் குறித்து வருகிறேன். நேற்று நான்கு கிராம் குறைந்தது, இன்று மூன்று. தொடர்ந்து மூன்று நாள் ஒரே எடை நிற்கும்வரை அரத்தை எடுப்பதாக இல்லை.