60-ஆ, 72-ஆ: டயோகிளீசியனின் அவுரியஸும் கான்ஸ்டன்டைனின் சோலிடஸும்

மூன்றாம் நூற்றாண்டுக் குழப்பத்தில் ரோமானியப் பொற்காசின் எடை ஆட்சிக்கு ஆட்சி மாறியது. இதைச் சீர்செய்ய, பேரரசர் டயோகிளீசியன் ஒரு ரோமானிய ராத்தல் பொன்னுக்கு 60 அவுரியஸ் காசுகள் என்று வகுத்தார். அவருக்குப் பின் ஆண்ட கான்ஸ்டன்டைனோ 309-ஐ ஒட்டி, ட்ரியர் நகரின் அக்கசாலையில் (நாணயச் சாலையில்) அதே ராத்தலுக்கு 72 சோலிடஸ் காசுகள் அடிக்கத் தொடங்கினார். முன்னது ஏறத்தாழ 5.4 கிராம், பின்னது 4.5 கிராம். கிழக்கை ஆண்ட லிசினியஸ் 324-இல் வீழும்வரை பழைய அளவையே பின்பற்றியதால், இரண்டும் ஒரே பேரரசில் சுமார் 15 ஆண்டுகள் அருகருகே அச்சாகின.

மாற்றில், அதாவது பொன்னின் தூய்மையில், பெரிய வேறுபாடு இல்லாதபோது கனத்த காசே வென்றிருக்க வேண்டும் என்று தோன்றும். ஆனால் எடைக்கணக்கு சோலிடஸுக்கே சாதகமாக இருந்தது. ராத்தலுக்கு 288 ஸ்கிரிபுலம் என்ற சிற்றெடைகள். சோலிடஸுக்குச் சரியாக 4 வரும், அவுரியஸுக்கோ 4.8. காரோப் விதையின் எடையான சிலிகுவாவில் சொன்னால் 24-உம் 28.8-உம். (காரட் என்ற சொல் அவ்விதையின் கிரேக்கப் பெயரிலிருந்து வந்ததே.) 24-ஐப் பாதியாகவும் மூன்றிலொன்றாகவும் மிச்சமின்றிப் பிரிக்கலாம், அரைக்காசான செமிஸிஸும், 380-களில் வந்த மூன்றிலொரு பங்குக் காசான டிரெமிஸிஸும் இக்கணக்கில் இயல்பாகப் பொருந்தின.

இருப்பினும், என் கணிப்பில், வெற்றியைத் தீர்மானித்தது பொன்வரத்தே. கான்ஸ்டன்டைன் கோயில் கருவூலங்களின் பொன்னைக் கைப்பற்றியதோடு, வணிகர்மீதும் செனட்டர்கள்மீதும் புதிய வரிகளை விதித்தார். இதனால் சம்பளமாக வெளியே சென்ற காசு வரியாகத் திரும்பி வந்தது. 360-களில் பேரரசர் வாலன்டினியன், வரியாக வந்த காசுகளை உருக்கித் தூய்மைப்படுத்த ஆணையிட்டு சோலிடஸின் மாற்றைக் காத்தார். பதினோராம் நூற்றாண்டில் மாற்றுக் குறையத் தொடங்கும்வரை, ஏறத்தாழ 700 ஆண்டுகள், அதன் நம்பகம் நிலைத்தது.

டயோகிளீசியன் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. பொன்னோடு தரமான வெள்ளிக் காசையும், வெள்ளி கலந்த செப்புக் காசையும் ஒரே திட்டத்தில் நிறுத்த அவர் முயன்றார்; 301-ஆம் ஆண்டு விலை ஆணையில் ஒரு ராத்தல் பொன்னுக்கு 72,000 தினாரியஸ் (விலை கணக்கிடும் அலகு) என உச்சவரம்பும் விதித்தார். அம்முயற்சி தோற்றது உண்மைதான். ஆனால் கான்ஸ்டன்டைன் காலத்தில் பொன் உறுதியாக நிற்க, செப்புக் காசு தொடர்ந்து மதிப்பிழந்தது; கையில் செப்பு மட்டுமே வைத்திருந்த ஏழைகளுக்கு ஒரு சோலிடஸின் விலை ஏறிக்கொண்டே போனது.