தங்கமா, ஹாஃப்னியமா, கடோலினியமா?

கல்லடியில் மாமா வீட்டு விறாந்தையில் வெற்றிலை வட்டா இன்னும் இருக்கிறது. தொடத்தான் ஆள் இல்லை. வாய்க்குள் வந்த கட்டிக்குக் கதிர்ச்சிகிச்சை நடக்கிறது. "தங்கத்தூளை ஊசியில் ஏற்றிவிட்டுக் கதிர் கொடுக்கிறார்களாமே மருமகன், நமக்குக் கிடைக்காதா?" என்று கேட்டார். தங்கபஸ்பத்தை நம்பிய தலைமுறை, கேட்காமல் இருப்பாரா?

கனமான அணு கதிரை வாங்கி இலத்திரன்களை உதிர்க்கும். அவற்றில் பல வெகுதூரம் போகாதவை. துகளை ஒட்டியிருக்கும் புற்றுக்கலமே அடிபடும். எந்த உலோகம் என்பதில்தான் போட்டி.

தங்கத்தின் அணு எண் 79. 2004இல் வெளியான எலி ஆய்வில் 1.9 நானோமீற்றர் தங்கத்துகளும் கதிரும் சேர்ந்தபோது ஓராண்டின் பின் 86 சதவீதம் உயிருடன் இருந்தன. கதிர் மட்டும் பெற்றவற்றில் 20 சதவீதம். ஆனால் கொடுத்த அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 2.7 கிராம் வரை. அறுபது கிலோ மாமாவுக்கு அது இருபது பவுன்! அந்த ஆய்வின் கதிர் 250 கிலோவோல்ற். இன்றைய சிகிச்சை இயந்திரங்கள் தருவது அதைவிடப் பல மடங்கு வலிய மெகாவோல்ற் கதிர். அங்கே கன அணுவின் உறிஞ்சும் மேன்மை பெரும்பாலும் கரைந்துவிடுகிறது. தங்கத்தின் பெயர் பெரிது, கைக்கு வந்தது சிறிது.

கடோலினியம் (64) மூன்றில் இலேசானது. ஆனாலும் நாளத்தில் ஏற்றலாம், எம்.ஆர்.ஐ. படத்தில் தெரியும், சிறுநீரோடு வெளியேறும். மூளைக்குப் பரவிய புற்றில் சோதிக்கிறார்கள். சிறுநீரகம் நன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் இடறல்; சிறுநீரக நோய் பரவலாக உள்ள அம்பாறையின் தெகியத்தகண்டியப் பக்கத்தில் அது சின்ன நிபந்தனை அல்ல.

என் தெரிவு ஹாஃப்னியம் ஒக்சைட்டு (72). ஐம்பது நானோமீற்றர் அளவுத் துகளை நேரே கட்டிக்குள் ஒரே தடவை ஊசியால் ஏற்றுகிறார்கள். தசை, கொழுப்பு போன்ற மென்திசுக்களில் வரும் புற்றில் நடந்த ஆய்வில், கட்டி ஏறக்குறைய முழுதாக அழிந்தவர்கள் 16 சதவீதம். கதிர் மட்டும் பெற்றவர்களில் 8. 2019இல் ஐரோப்பிய அனுமதியும் கிடைத்தது. ஊசி எட்டாத, பல இடம் பரவிய கட்டிக்கு இது உதவாது. வாய்க் கட்டிக்கு ஊசி எட்டும். இலங்கை ஆண்களை அதிகம் தாக்குவதும் வாய்ப்புற்றுத்தான்.

மூன்றுமே இங்கு வழக்கமான சிகிச்சையில் இல்லை என்றதும் மாமாவின் முகம் சுருங்கியது. பேச்சை மாற்ற இருபது பவுன் கணக்கைச் சொன்னேன். மாமி கழுத்துக் கொடியை மெல்லச் சேலைக்குள் தள்ளிக்கொண்டார்.