மேல்மலை டென்ட்: “மைனஸ் பத்து தாங்கும்” என்று சொன்னால் உஷார்

மார்கழி பிறந்தால் கொடைக்கானல் மேல்மலைப் பக்கமும் ஊட்டிப் பக்கமும் டென்ட் பேக்கேஜ் விளம்பரம் குவிந்துவிடும். ஆளுக்கு 1,500 ரூபாய், ராத்திரிச் சாப்பாடு, கேம்ப் ஃபயர், அதோடு “மைனஸ் 10 டிகிரி தாங்கும் ஸ்லீப்பிங் பேக்”. ஏமாற்று அந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது.

அப்படிப் பணம் கட்டிப் போன நாலு பேருக்குக் கிடைத்தது இவ்வளவுதான். மூணு பேர் படுக்கிற டென்ட் ஒன்று. ஸ்லீப்பிங் பேக் நாலு, எதுவும் ஒரு கிலோ தேறாது, ஒன்றில் ஜிப் பல் போயிருந்தது. கீழே விரிக்க வெள்ளித்தாள் ஒட்டிய மெல்லிய பாய். விறகு ஒன்பதரைக்குத் தீர்ந்தது, அடுத்த கட்டுக்குத் தனியாக 300 ரூபாய். ராத்திரி ரெண்டு மணிக்கு நடுங்கிக்கொண்டு போய் ஆளை எழுப்பினால், இரும்புச் சட்டியில் கரித்தணல் வருகிறது: “டென்ட்டுக்குள்ளயே வச்சுக்கோங்க சார், கதகதன்னு இருக்கும்.”

மற்றதெல்லாம் காசு பறிக்கிற வேலை. அந்தச் சட்டி ஆளைக் கொல்லுகிற வேலை. அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

முதலில் அந்த மைனஸ் பத்து. முறையாகச் சோதித்த பையில் ஐஎஸ்ஓ 23537 என்ற சர்வதேசத் தரப்படி மூன்று எண்கள் இருக்கும்: கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம். கம்ஃபர்ட் என்பது ஒரு சராசரிப் பெண் கைகாலை நீட்டி நிம்மதியாகத் தூங்கக்கூடிய குளிர். லிமிட் என்பது ஒரு சராசரி ஆண் சுருண்டு படுத்து எட்டு மணி நேரம் சமாளிக்கிற குளிர். எக்ஸ்ட்ரீம் என்றால் ஆறு மணி நேரம் உயிர் தங்கும், அவ்வளவுதான். தூக்கத்தைப் பற்றி அந்த எண் பேசவே இல்லை. விளம்பரத்தில் போடுவது இந்த மூன்றாவது எண்ணை. எக்ஸ்ட்ரீம் மைனஸ் 10 உள்ள பைக்குக் கம்ஃபர்ட் பெரும்பாலும் 5 டிகிரிக்கு மேலேதான் இருக்கும். பேரில்லாத பைகளில் அந்தச் சோதனையும் கிடையாது, தைத்தவர் மனதுக்குத் தோன்றியதை அச்சடித்திருப்பார். இன்னொன்று, அந்த எண்கள் எல்லாமே அடியில் நல்ல பாய் விரித்து, உள்ளாடையும் காலுறையும் போட்டுப் படுத்தால் வருகிற எண்கள். பாயைக் கொடுக்காதவன் எண்ணை மட்டும் சொல்வது மோசடி.

கையில் கொடுத்ததும் பையைச் சோதிக்க ரெண்டு நிமிடம் போதும். போன் டார்ச்சைப் போட்டுப் பைக்குள் விட்டு, வெளியிலிருந்து பாருங்கள். தையல் ஓடுகிற இடமெல்லாம் வெளிச்சம் கோடு கோடாகத் தெரிந்தால் அங்கே பஞ்சே இல்லை, குளிர் அந்த வழியாகத்தான் வரும். திட்டுத் திட்டாகத் தெரிந்தால் பஞ்சு ஒதுங்கிவிட்டது. ஜிப்புக்குப் பின்னால் விரல் தடிமனுக்குப் பஞ்சு வைத்த பட்டி இருக்க வேண்டும். இல்லையென்றால் முதுகில் கத்தி வைத்த மாதிரி காற்று இறங்கும். வாடகைப் பைகளை வருஷம் முழுக்கச் சின்ன உறையில் அமுக்கித் திணித்தே வைத்திருப்பார்கள். பஞ்சு செத்துப்போய்விடும். உறையிலிருந்து எடுத்து உதறி அரை மணி நேரம் விட்டும் உப்பவில்லையா, வேறு கேளுங்கள்.

ஆனால் பையைவிடப் பெரிய ஓட்டை பாய். படுத்ததும் உடம்புக் கனத்தில் அடிப்பக்கப் பஞ்சு நசுங்கிவிடுகிறது; காற்றுப் பிடிக்காத பஞ்சுக்கும் வெறுந்துணிக்கும் வித்தியாசம் இல்லை. அதற்கப்புறம் தரைதான் சூட்டை உறிஞ்சும். பாய்க்கு ஆர் மதிப்பு என்று ஒரு கணக்கு உண்டு, சூடு தரைக்குப் போகாமல் எவ்வளவு தடுக்கும் என்ற அளவு. உறைபனி விழும் தரைக்கு 4 இருந்தால் நல்லது, 2-க்குக் கீழே தூக்கம் வராது. வெள்ளித்தாள் பாய் பளபளப்பதோடு சரி: தாளுக்கும் உடம்புக்கும் நடுவில் காற்று இடைவெளி இருந்தால்தான் அது வெப்பத்தைத் திருப்பும், மேலே ஏறிப் படுத்தால் வேலை செய்யாது. வீட்டில் விருந்தாளிக்கு ஊதிப் போடுகிற காற்று மெத்தையும் ஏமாற்றும், உள்ளே காற்று சுழன்று சூட்டைக் கீழே கடத்திக்கொண்டே இருக்கும். இந்த ஆர் மதிப்பைக் கூட்டிக்கொள்ளலாம் என்பதுதான் ஒரே நல்ல சேதி. கனமான ஃபோம் பாய் ரெண்டு அடுக்கினால் கணக்கும் கூடும். அதுவும் இல்லையா, அட்டைப் பெட்டியைப் பிரித்துப் போடுங்கள், காய்ந்த வைக்கோல் கேளுங்கள், வண்டியின் மிதியடியை எடுத்து இடுப்புக்கும் தோளுக்கும் கீழே விரியுங்கள். கூடுதலாக ஒரே ஒரு கம்பளி கிடைத்தால் அது போர்த்த அல்ல, கீழே போட.

“லேக் வியூ” டென்ட்டுக்கு 500 ரூபாய் கூட வாங்குவார்கள். அந்த வளாகத்திலேயே குளிர் அதிகமான இடம் அதுதான். மேகமில்லாத ராத்திரியில் சரிவில் குளிர்ந்த காற்று தண்ணீர் மாதிரி வழிந்து பள்ளத்தில் தேங்கும். உறைபனி முதலில் வெளுப்பது ஏரிக்கரைப் புல்தான். சரிவில் கொஞ்சம் மேலே, மரத்தடியை ஒட்டி இருக்கிற டென்ட்டைக் கேளுங்கள். காய்ந்த கிளை தலைக்கு மேல் தொங்குகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்தக் கரிச்சட்டி. தணலில் புகை இல்லை, அதனால் ஆபத்தில்லை என்று நினைப்பதுதான் தப்பு. அரைகுறையாக எரியும் கரி கார்பன் மோனாக்சைடு விடும். நிறமில்லை, வாசனையில்லை, ரத்தத்தில் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், அசதி என்று வரும். மலை ஏறிய களைப்பு என்று நினைத்துத் தூங்கிவிடுவீர்கள். ஜிப்பைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதும் என்பார்கள், போதாது. கேஸ் அடுப்பும் கேஸ் ஹீட்டரும் இதே கணக்குதான். அறைக்குள் கரியடுப்பு வைத்துத் தூங்கி எழுந்திருக்காதவர்கள் செய்தி நம் மலைகளிலிருந்தே வந்திருக்கிறது. சட்டியை வாசலிலேயே மறுத்துவிடுங்கள். யாராவது மயங்கினால் உடனே வெளியே இழுத்துப் போட்டுவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள்.

கரிக்குப் பதிலாகக் கேட்க வேண்டியது வெந்நீர். அதையும் சமையல்காரர் அடுப்பை அணைப்பதற்கு முன்னால், ஒன்பது மணிக்கே கேளுங்கள். ஒற்றைச் சுவர் ஸ்டீல் பாட்டிலில் ஒரு லிட்டர், மூடியைத் திருகித் தலைகீழாகக் கவிழ்த்து ஒழுகவில்லை என்று பார்த்து, காலுறைக்குள் போட்டுத் தொடைகளுக்கு நடுவில் வையுங்கள். சில மணி நேரம் தாங்கும். ஃப்ளாஸ்க் உதவாது, அது சூட்டை வெளியே விடாமல் இருக்கத்தானே செய்தது. மினரல் வாட்டர் பாட்டிலில் கொதிநீர் ஊற்றினால் சுருங்கி மேலே கொட்டிவிடும்.

பகலில் வியர்த்த பனியனோடு படுக்காதீர்கள், காய்ந்ததை மாற்றுங்கள், தலைக்குக் குல்லா. மூணு காலுறையை இறுக்கிப் போட்டால் ரத்தம் ஓடாமல் கால் இன்னும் சில்லிடும். டென்ட்டின் மேலே காற்றுப் போகிற திறப்பை மூடச் சொல்வார்கள், மூடாதீர்கள். மூச்சின் ஈரம் முழுக்கப் பையில் இறங்கிவிடும். குளிருக்கு இதம் என்று ஒரு பெக் ஊற்றுவார்கள், அது தோலுக்கு ரத்தத்தை அனுப்பி உள்சூட்டைத்தான் காலி செய்யும். விடியற்காலை டீ வரவில்லையென்றால் காரணம் பெரும்பாலும் நீள டப்பா கேஸ்: உள்ளே இருப்பது பியூட்டேன், பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டி அது ஆவியாகவே மாட்டேன் என்னும்.

பணம் கட்டுமுன் வாட்ஸ்அப்பில் ரெண்டே கேள்வி போதும்: பையின் லேபிள் படம், பாயின் கனம் எத்தனை மில்லிமீட்டர். படம் அனுப்பாமல் “எல்லாம் நல்லா இருக்கும் சார்” என்றால் வேறு இடம் பாருங்கள். கட்டியாயிற்று, ஏமாந்தாயிற்று என்றால் விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பணம் கட்டிய ரசீது, கொடுத்த பொருளின் படம் மூன்றையும் அழிக்காமல் வைத்திருங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகாருக்குக் கட்டணம் கிடையாது, ரெண்டு வருஷம் வரை அவகாசம் உண்டு.