வெளிநாட்டுப் பயணத்தில் கைபேசி இணைப்பு: ரோமிங் பேக், உள்ளூர் சிம், இ-சிம்

சென்னையிலிருந்து சிங்கப்பூர், அங்கிருந்து சாலை வழியாக ஜொகூர் பாரு, பிறகு கோலாலம்பூர் என்று குடும்பத்தோடு போய்வரத் திட்டமிட்டபோது, கைபேசிக்கு எந்த இணைப்பு என்பதை விமான டிக்கெட் எடுத்த கையோடு முடிவு செய்துவிட்டேன். நம் இந்திய எண்ணையே வெளிநாட்டிலும் பயன்படுத்த ரோமிங் பேக் போடலாம். போய் இறங்கிய இடத்தில் உள்ளூர் சிம் வாங்கலாம். அல்லது புறப்படும் முன்பே, அட்டை இல்லாமல் கைபேசிக்குள்ளேயே பதியும் சிம்மான பயண இ-சிம் ஒன்றை ஏற்றிக்கொள்ளலாம். இந்திய சிம்மை அதன் இடத்திலேயே விட்டுவிட்டு, டேட்டாவுக்கு மட்டும் இ-சிம் என்பதே என் தேர்வு. அடுத்த பயணத்துக்கும் அதையே செய்வேன்.

விலையைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. ஒரே அளவு டேட்டாவுக்கு உள்ளூர் சிம்தான் பெரும்பாலும் மலிவு. இ-சிம் அதைவிடச் சற்றுக் கூடுதல். நாள்கணக்கில் போடும் ரோமிங் பேக் மிக அதிகம். வேகத்திலும் உள்ளூர் சிம்மே முந்தும். இந்த இரண்டை மட்டும் வைத்துத் தேர்வு செய்தால் சாங்கி விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டைக் காட்டி ஒரு சுற்றுலா சிம் வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடலாம். என் முடிவைத் தீர்மானித்தது வேறொன்று: வங்கியிலிருந்து வரும் ஓடிபி.

நம்முடைய பணம் சார்ந்த ஏறக்குறைய எல்லாமே அந்த ஒரு இந்திய எண்ணோடு கட்டப்பட்டிருக்கிறது. நெட்பேங்கிங்கில் நுழைய, இணையத்தில் கார்டு மூலம் பணம் கட்ட, கார்டின் வரம்பைக் கூட்ட, எல்லாவற்றுக்கும் அந்த எண்ணுக்கே எஸ்எம்எஸ் வருகிறது. ரிசர்வ் வங்கி 2020-இல் கொண்டுவந்த விதியின்படி, புதிதாக வழங்கப்படும் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை அணைக்கப்பட்டே இருக்கும். நாமே வங்கிச் செயலியில் போய்த் திறந்துவிட வேண்டும். அந்தச் செயலிகளிலும் பல, பதிவு செய்த சிம் அதே கைபேசியில் இருக்கிறதா என்று பார்க்கின்றன. யூபிஐ செயலியும் அப்படித்தான். சிம்மைக் கழற்றி வேறொன்றைப் போட்டால் அது மறுபதிவு கேட்கக்கூடும். மறுபதிவுக்கு அந்த இந்திய எண்ணிலிருந்தே ஓர் எஸ்எம்எஸ் போயாக வேண்டும். ஆகவே ஒற்றை சிம் கைபேசியில் இந்திய சிம்மை எடுத்துப் பர்சுக்குள் வைத்துவிட்டு உள்ளூர் சிம்மைப் போடுவது, வங்கிக் கணக்கை ஊரிலேயே விட்டுவிட்டு வருவதற்குச் சமம். ஹோட்டலில் கார்டு மறுக்கப்படும் நேரத்தில்தான் அதன் முழு அர்த்தமும் விளங்கும்.

வெளிநாட்டில் இருக்கும்போது வரும் எஸ்எம்எஸ்ஸுக்கு இந்திய நிறுவனங்கள் பெரும்பாலும் கட்டணம் வாங்குவதில்லை. ஆனால் ரோமிங் வசதி முன்கூட்டியே இயக்கப்பட்டிருக்க வேண்டும். சில ப்ரீபெய்ட் திட்டங்களில் சிறிய ரோமிங் பேக் ஒன்றையாவது போட்டால்தான் சிம் அங்குள்ள வலையமைப்பைப் பிடிக்கும் என்பதால், இதை ஊரில் இருக்கும்போதே உங்கள் நிறுவனத்தின் செயலியில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

இ-சிம் ஏறுமா என்று அறிய *#06# அழுத்திப் பாருங்கள். கைபேசியின் அடையாள எண்களான ஐஎம்இஐ எண்களோடு இஐடி என்ற 32 இலக்க எண்ணும் திரையில் வந்தால் கைபேசி அதற்கு ஏற்றது. ஐபோன்களில் 2018-இல் வந்த எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் முதல் இந்த வசதி உண்டு. ஆண்ட்ராய்டில் மாடலுக்கு மாடல் மாறும். வீட்டு வைஃபையில் இருக்கும்போதே கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து ஏற்றிவிடலாம். பெரும்பாலான பயண இ-சிம்களின் வேலிடிட்டி, போய் இறங்கி அங்குள்ள வலையமைப்போடு இணைந்த பிறகே தொடங்கும், ஆனாலும் வாங்கும்போது அந்த வரியைப் படித்துவிடுங்கள். விமானம் தரைதொட்டதும் செய்ய வேண்டியவை சிலவே. இந்திய சிம்மில் டேட்டா ரோமிங் அணைந்திருக்க வேண்டும்; இ-சிம்மில் அது இயங்க வேண்டும்; மொபைல் டேட்டாவுக்கு இ-சிம்மைத் தேர்ந்தெடுக்க வேண்டும்; ஒரு சிம்மில் சிக்னல் குறைந்தால் மற்றதற்கு டேட்டா தானாகத் தாவும் வசதி இருந்தால் அதையும் அணைத்துவிட வேண்டும். கடைசியாகச் சொன்னதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. எதிர்பாராத பில்லுக்கு அதுவே வழிவிடும். வாட்ஸ்அப் எண்ணை மாற்றவா என்று கேட்டால் வேண்டாம் என்று விட்டுவிடுங்கள், பழைய எண்ணிலேயே அது ஓடும்.

எங்கள் வழித்தடத்தில் இ-சிம்முக்கு இன்னொரு அனுகூலமும் இருந்தது. சிங்கப்பூரின் உட்லண்ட்ஸிலிருந்து ஜொகூர் கடற்பாலத்தைத் தாண்டினால் நாடு மாறிவிடுகிறது. சிங்கப்பூரில் வாங்கிய சிம்மில் மலேசியாவுக்கான ரோமிங் சேர்ந்திராவிட்டால் டேட்டா அங்கேயே நின்றுவிடும். ஜொகூர் பாருவில் இன்னொரு கடை, இன்னொரு முறை பாஸ்போர்ட். இரு நாடுகளுக்கும் சேர்த்து எடுத்த இ-சிம், பேருந்து பாலத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும்போதே மலேசிய வலையமைப்புக்கு மாறிக்கொண்டது. நீரிணையின் இரு கரையிலும் எதிர்க்கரையின் சிக்னல் எட்டுவதால், கைபேசி கொஞ்சநேரம் இங்கும் அங்கும் அலைபாயும்; அதற்காகப் பதற வேண்டாம். மலேசியாவுக்குள் நுழையும் முன் நிரப்ப வேண்டிய இணையவழி வருகை அட்டையையும் எல்லைக்குப் போகும் முன்பே முடித்துவிடுவது நல்லது.

குறைகளும் உண்டு. பயண இ-சிம்களில் பெரும்பாலானவை டேட்டாவுக்கு மட்டுமே. பேசுவதற்கு எண் கிடையாது. ‘அன்லிமிடெட்’ என்று விற்கப்படுபவற்றில் பல, நாளொன்றுக்குக் குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் வேகத்தைக் குறைத்துவிடும். சிலவற்றில் ஹாட்ஸ்பாட் பகிர முடியாது. குடும்பத்தில் ஒருவரின் இணைப்பை மற்றவர்களும் பயன்படுத்தும் எண்ணம் இருந்தால் இதுதான் முதலில் பார்க்க வேண்டியது. ஒருமுறை ஏற்றியதை அழித்துவிட்டால் அதே குறியீட்டைக்கொண்டு மறுபடி ஏற்ற முடியாமல் போகலாம். இரண்டு இந்திய சிம் வைத்திருப்பவர்கள், ஒரே நேரத்தில் இரண்டு இணைப்புகளே இயங்கும் என்பதால் அதில் ஒன்றைத் தற்காலிகமாக அணைக்க வேண்டியிருக்கும். வங்கி எண் எதுவோ அதை விட்டுவைக்க வேண்டும்.

உள்ளூர் சிம்மை நான் ஒதுக்கிவிடவில்லை. ஒரே நாட்டில் வாரக்கணக்கில் தங்குவதாக இருந்தாலோ, உள்ளூர் எண் கேட்கும் இடங்களில் அடிக்கடி வேலை இருந்தாலோ அதுவே சரி. இரட்டை சிம் கைபேசி என்றால் இந்திய சிம்மையும் உடன் வைத்துக்கொள்ளலாம். ஜப்பானில், சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கப்படும் சிம்களும் பெரும்பாலும் டேட்டா மட்டும் தருபவை என்பதால் அங்கே உள்ளூர் எண் என்ற அனுகூலமும் குறைகிறது. பாக்கெட் வைஃபை கருவியை வாடகைக்கு எடுக்கும் வழக்கமும் அங்கே பரவலாக உண்டு. ஆனால் அதைத் தினமும் சார்ஜ் செய்ய வேண்டும், அதை வைத்திருப்பவரைவிட்டு மற்றவர்கள் விலகிப் போகவும் முடியாது.

ரோமிங் பேக் யாருக்கு என்பதற்கு என் அம்மாவின் கைபேசியே விடை. இ-சிம் ஏறாத பழைய கருவி. செட்டிங்ஸ் பக்கம் அவர் போவதே இல்லை. அவருக்கு ரோமிங் பேக்தான் போட்டோம். ஊரிலிருந்து யார் அழைத்தாலும் வழக்கம்போல் எடுத்துப் பேசினார். செலவு கூடுதல்தான், ஆனால் முதியவர் கூட்டத்தில் பிரிந்துபோனாலும் அழைத்தால் கிடைப்பார் என்ற நிம்மதிக்கு அதைக் கொடுக்கலாம்.

ரோமிங்குக்கு இன்னொரு பலமும் இருக்கிறது. ரோமிங்கில் டேட்டா பொதுவாக நம் நாட்டு நிறுவனத்தின் வழியாகவே இணையத்தை அடைகிறது. சற்றுத் தாமதமானாலும், கூகுளும் வாட்ஸ்அப்பும் தடுக்கப்பட்ட சீனாவில், உள்ளூர் சிம்மில் திறக்காதவை ரோமிங்கில் திறப்பது இதனால்தான். பிற நாட்டு நிறுவனங்களின் ரோமிங்காக இயங்கும் பயண இ-சிம்களுக்கும் இது பொருந்தும். வாட்ஸ்அப் அழைப்புக்குக் கட்டுப்பாடு உள்ள ஐக்கிய அரபு அமீரகத்திலும் இது கைகொடுப்பதாகப் போய்வந்தவர்கள் சொல்கிறார்கள். இந்த இரு நாடுகளிலும் நான் நேரில் பயன்படுத்திப் பார்த்ததில்லை என்பதால், இதை மட்டும் நம்பி அங்கே முக்கியமான வேலையை வைத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன்.

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்காவுக்குப் போய் மாதக்கணக்கில் தங்கும் பெற்றோருக்குக் கணக்கு வேறு. டேட்டாவுக்கும் பேச்சுக்கும் அங்குள்ள சிம், முடிந்தால் பிள்ளையின் குடும்பத் திட்டத்திலேயே ஓர் இணைப்பு. இந்திய எண் ரீசார்ஜ் தீர்ந்து கிடந்தால் சில நாள்களில் உள்வரும் எஸ்எம்எஸ்ஸும் நின்றுபோகும். பயன்பாடே இல்லாமல் 90 நாள்களைக் கடந்தால் அந்த எண்ணையே நிறுவனம் திரும்ப எடுத்துக்கொண்டு வேறொருவருக்குக் கொடுத்துவிடக்கூடும். ஓய்வூதியக் கணக்கின் ஓடிபி, மின்கட்டண எஸ்எம்எஸ், வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் சொல்ல வேண்டிய கேஸ் சிலிண்டர் டெலிவரிக் குறியீடு எல்லாம் வரும் எண் அது. நீண்ட வேலிடிட்டி கொண்ட ரீசார்ஜ் ஒன்றைப் புறப்படும் முன்பே போட்டுவிட்டு, அது முடியும் தேதியை ஊரில் இருக்கும் ஓர் உறவினரிடமும் சொல்லிவிட்டுப் போனால் போதும்.